சுவரில் ஒரு பச்சைப் புள்ளி

எங்கள் நார்ட்பி கவுண்ட்டியில் சாலைப் பனியை உருக்கப் போட உப்பு கிடையாது. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். பிள்ளை பெற வேண்டுமென்றால் டுலூத் நகரம் வரைக்கும் ஓட வேண்டும், பிள்ளைக்கும் அதுவரை பொறுமை இருக்க வேண்டும். ஆனால் கோர்ட்டுக் கட்டடத்தின் முன்கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதன் முன்னால் நின்று பார்த்தால், மினசோட்டாவிலேயே எங்களைப் போல் குறையில்லாமல் வாழ்கிறவர்கள் யாரும் இல்லை என்று தோன்றும்.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே ஸ்கிரீன். கவுண்ட்டியின் நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, வழக்குக் கட்டு, ஷெரிஃப் ஆபீஸுக்கு வந்த அவசர அழைப்புகளின் ஒலிப்பதிவு எல்லாம் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. எந்த டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கேட்டதை எவ்வளவு வேகமாக எடுத்துக் கொடுக்கிறது என்பதைச் சுவர் காட்டும். நன்றாக இருந்தால் பச்சைப் புள்ளி. மூச்சு முட்ட ஆரம்பித்தால் மஞ்சள். இனித் தாங்காது என்றால் சிவப்பு.

தினமும் காலையில் ஊழியர்கள் எல்லோரும் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கண்காணிப்புத் துறையின் டைரக்டர் கர்ட்டிஸ் ப்ராம்வெல் ஒவ்வொரு புள்ளியாகக் கைகாட்டி "பச்சை" என்பார். மற்றவர்கள் "பச்சை" என்று திருப்பிச் சொல்வார்கள். கடைசிப் புள்ளி முடியும்வரை காப்பிக் கோப்பையை யாரும் தொடக் கூடாது. ஒரு மாதம் முழுக்கப் பச்சையாகவே ஓடிவிட்டால், பச்சைக் கிரீம் பூசிய கேக் வெட்டுவார்கள். எங்கள் லூத்தரன் சர்ச்சில்கூடப் பாதிரியாருக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் பெயர் லாய்ட். ஸ்பூன் ஏரிக்கரையில் தூண்டில் புழுவும் காப்பியும் விற்கிறேன், இரண்டும் வேறு வேறு மேசையில்தான். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் ஓர்வில் ஹெக்லண்ட். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு, இப்போது என் பக்கத்து வீடு. கண்ணில் புரை விழுந்து அவன் வண்டி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து என் வண்டிதான் அவனுக்குக் கால்.

அவன் மனைவி மேவிஸ் ஷெரிஃப் ஆபீஸில் அவசர அழைப்புக்குப் பதில் சொல்கிற வேலை பார்த்தவள். அந்த நாற்காலியிலேயே தலைமுடி நரைத்தது. இந்தக் கவுண்ட்டியில் மாரடைப்பு வந்தவன், மான் மேல் வண்டியை விட்டவன், அடுப்பில் தீப்பிடிக்க விட்டவன் எல்லோரும் முதலில் கேட்டது அவள் குரலைத்தான். நாள் பூராவும் தன் பேச்சை மிஷின் பிடித்து வைக்கிறதே என்ற எரிச்சலில், வீட்டில் யாராவது போனைத் தூக்கி வீடியோ எடுக்க வந்தால் விரட்டுவாள். போன வசந்தத்துக்கு முந்தின வசந்தத்தில் கணையத்தில் புற்று வந்து, ஐஸ் உருகி முடிவதற்குள் போய்விட்டாள். பிறகு ஓர்வில் வீடு பூராவும் தேடினான். போட்டோ இருந்தது, அவள் பின்னிய கையுறைகள் இருந்தன, குரல் மட்டும் ஒரு துளிகூட இல்லை.

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கோர்ட்டின் அடித்தளத்தில்.

அது வந்த கதை இது. பல வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதக் கடைசியில், உறைந்த ஏரி மேல் போட்டிருந்த தன் மீன்பிடிக் குடிலை இழுத்து வர ஓர்வில் வண்டியை ஐஸ் மேல் விட்டான். எல்லோரும் முன்னமே இழுத்துவிட்டோம். "போகாதேடா, ஐஸ் கறுத்திருக்கு, தாங்காது"ன்னு நான்கூடச் சொன்னேன். வண்டி மூக்குக் குத்தி உள்ளே போனது. அவன் கூரை மேல் ஏறி உட்கார்ந்து அவசர எண்ணுக்குப் போன் போட்டான். எடுத்தவள் மேவிஸ். கணவன் என்று தெரிந்தும் விதிப்படி பெயர் கேட்டாள் என்பதற்காக, அந்த அழைப்பைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாக ஷெரிஃப் எடுத்து வைத்தார். அதனால்தான் அது தப்பிப் பிழைத்தது.

கோர்ட்டில் 'கேட்கும் அறை' என்று ஒன்று இருந்தது. பெயர் எழுதிக் கொடுத்தால் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். காதில் மாட்டுகிற கருவி அவர்களுடையது. நம் செல்போனை வாசலில் காவலர் வாங்கி வைத்துக்கொள்வார். ஒலிப்பதிவின் நகல் கேட்டு ஓர்வில் மனுப் போட்டான். ப்ராம்வெல்லே நேரில் வந்து பதில் சொன்னார்.

"மிஸ்டர் ஹெக்லண்ட், நகல் எடுத்தால் ஒன்று இரண்டாகும். இரண்டை ஒன்றாக்குவதற்காகத்தான் இந்தத் துறையே இருக்கிறது. எங்கள் தியாகத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்."

ஓர்வில் புரிந்துகொண்டான். எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி அது. வீடு பற்றி எரிந்தாலும் "இதோட போச்சே" என்று தீயணைப்பு வண்டிக்காரனுக்குக் காப்பி ஊற்றுகிற ஜனம். "கேக்க விடறாங்களே, அது போதாதா"ன்னு என்னிடம் சொன்னான். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, கேட்கப் போனோம்.

ஒரு நாள் இன்னொரு காதுக் கருவியை என்னிடம் நீட்டினான். நானும் கேட்டேன்.

"நார்ட்பி கவுண்ட்டி அவசர உதவி. எங்கே இருக்கீங்க?"

"மேவிஸ், நான்தான்."

"எங்கே இருக்கீங்க, சார்?"

"ஸ்பூன் ஏரியில. வண்டி மூக்கு உள்ள போயிருச்சு. கூரை மேல இருக்கேன்."

"உங்க பேரு?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும் ஊதுகிறது. "ஏன்டி, இத்தனை வருஷம் என்னோட குடும்பம் நடத்தற, என் பேரு தெரியாதா?"

"தெரியும் சார். பேரைச் சொல்லுங்க."

"ஓர்வில் ஹெக்லண்ட்."

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு மீன் இருக்கு."

"மீனை விட்டுடுங்க, சார். ஆள் கிளம்பியாச்சு." விசைப்பலகை தட்டுகிற சத்தம். அப்புறம் குரல் இறங்குகிறது. "குல்லா போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"எது? சிவப்பா?"

"நீ பின்னினது."

"காதை மூடி இழுத்து விட்டுக்கோ. அசையாதே. லைன்லயே இரு. நான் இருக்கேன். என்ன ஆனாலும் போனை மட்டும் வச்சிராதே."

அப்புறம் அவனைத் தூங்க விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். ராத்திரிக்கு உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு அடுப்பில் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். லாய்ட் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று திட்டுகிறாள் (இந்த இடத்தில் நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை). அவன் பதில்கள் குழறுகின்றன, பிறகு நின்றே போகின்றன. அவள் மட்டும் "லைன்லயே இரு, ஓர்வில், லைன்லயே இரு" என்கிறாள். தூரத்தில், ஐஸ் மேலும் ஓடுகிற மீட்புப் படகின் எஞ்சின் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் ஓர்வில் சட்டென்று நிறுத்திவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றினான்.

"இன்னும் முடியலையேடா" என்றேன்.

"தெரியும். அதுக்கப்புறம் எனக்கு நினைவு தப்பிப் போச்சு. அவ என்ன சொன்னான்னு தெரியாது."

"அப்போ கேளேன்."

"மிச்சம் இருக்கட்டும்டா" என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டான். "அதையும் கேட்டுட்டா அப்புறம் அவகிட்ட புதுசா ஒண்ணும் இருக்காது."

வீட்டுக்கு வரும் வழியில் ஆளுக்கொரு டோனட் வாங்கித் தின்றோம்.

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு நாள் ப்ராம்வெல்லுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுவர் டிஸ்க்குகளைக் கண்காணிக்கிறது, சரி. சுவரை யார் கண்காணிக்கிறார்கள்? அந்தச் சந்தேகத்தைக் கவுண்ட்டியை நிர்வகிக்கிற கமிஷனர்கள் முன்னால் எழுப்பி, இரண்டாவது கண்காணிப்பான் ஒன்றை வாங்கினார். முதல் கண்காணிப்பான் ஒவ்வொரு விநாடியும் டிஸ்க் எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்கும். இரண்டாவது, முதல் கண்காணிப்பான் ஒழுங்காக எழுதுகிறதா என்று எழுதி வைக்கும். அதையும் நம்ப முடியாதே என்று, இரண்டாவதைத் திருப்பிப் பார்த்து எழுதும்படி முதலுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை எழுத்தையும் எங்கே வைப்பது? அதே டிஸ்க்குகளில்தான்.

ஆறே வாரத்தில் புள்ளிகள் மஞ்சளாயின. அன்று காலை ஊழியர்கள் மத்தியானம் வரைக்கும் காப்பி இல்லாமல் நின்றதாகக் கேட்கும் அறையின் கிளார்க் இவோன் சொன்னாள். பின்னல் ஊசியை வைத்துக்கொண்டு எந்நேரமும் ஏதாவது பின்னுகிற பெண்மணி, மேவிஸோடு சர்ச் பாடல் குழுவில் பாடியவள்.

"அப்புறம் எப்படி அத்தனையும் பச்சையாச்சு?" என்று கேட்டேன். நாங்கள் போனபோது சுவர் புல்வெளி மாதிரி இருந்தது.

"எல்லைக் கோட்டை ஏத்திட்டாங்க. முன்னாடி எண்பது சதம் நிறைஞ்சா மஞ்சள். இப்போ தொண்ணூறு. கேக்கும் வெட்டியாச்சு. உங்களுக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன்."

கோடு இன்னும் இரண்டு முறை ஏறியது. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஏற்ற இடமில்லாமல் போனபோது ப்ராம்வெல் அடுத்த சீர்திருத்தத்தை அறிவித்தார். முப்பது நாள் யாரும் திறக்காத ஃபைல் 'குளிர்ந்த ஃபைல்'. குளிர்ந்தது தானாகவே அழியும். மனிதர் கை வைக்க வேண்டியதில்லை என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை என்று கவுண்ட்டிப் பத்திரிகைக்குச் சொன்னார்.

முதலில் போனது பழைய கல்யாணப் பதிவுகள். நான் கடைக்கான உரிமத்தை மனைவி பெயரிலும் சேர்க்கப் போனபோது, எனக்குக் கல்யாணம் ஆனதற்கு ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவி கோரினிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்போ இன்னிக்குச் சாப்பாடு யாருக்கு ஆக்கறேன்னு தெரியலையே. நீங்க எந்த வீட்டு ஆளு?" என்றாள்.

அடுத்து, கோடை முழுக்க யாரும் திறக்காத, சாலையில் பனி வாரும் வண்டிகளின் வழித்தட வரைபடம் போனது. கோடையில் அதை யார் திறப்பார்கள்? நவம்பரில் முதல் பனி விழுந்தபோது, அந்த வண்டி ஓட்டும் பையன்கள் நினைவில் இருந்த வழியில் போனார்கள். கல்லறைக்குப் போகிற சாலை பளிச்சென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை மூன்று நாள் மூடிக் கிடந்தது. இது ஒரு வகையில் பயணத்தைச் சுருக்குகிற ஏற்பாடு என்று நான் கடையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பெக்ஸ்ட்ரம் வீட்டுக் கிழவர் அந்த மூன்று நாளில்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்த வாரம் இவோன் ஓர்வில்லைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஓர்வில், நீங்க ரெண்டு வெள்ளிக்கிழமை வரலை."

"சளி பிடிச்சிருந்தது."

"சளியோ காய்ச்சலோ, வந்துடுங்க. பயிற்சிப் பதிவெல்லாம் போயிட்டிருக்கு. உங்களோடதை நீங்க ஒருத்தர்தான் திறக்கறீங்க. நீங்க திறந்தா சூடு. திறக்கலைன்னா மிஷின் யாரையும் கேக்காது."

மறுநாளிலிருந்து ஓர்வில் தினமும் வர ஆரம்பித்தான். எங்கள் ஊரில் ஜனவரி மாதம் வண்டியைக் காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஓட விடுவோம், வேலை இருக்கிறதோ இல்லையோ, எஞ்சின் உறைந்துவிடக் கூடாது என்று. அந்த மாதிரி. கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பான், மேவிஸ் பெயர் கேட்பாள், அவன் தன் வாய்க்குள் பெயரைச் சொல்வான், படகுச் சத்தம் வரும், நிறுத்திவிடுவான். நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹீட்டரைத் திட்டிக்கொண்டிருப்பேன். "மாசத்துக்கு ஒரு தடவை திறந்தாப் போதும்னுதானேடா சொல்றாங்க"ன்னு கேட்டால், "எண்ணிக்கையில தப்பு வந்துட்டா?" என்பான். மெலிந்துகொண்டே வந்தான். ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் இருக்கும்.

அதற்குள் மேவிஸின் குரல் ஃபைலுக்கே ஒரு வழக்கு வந்து சேர்ந்தது.

அது கிடந்தது பழைய, மெதுவான டிஸ்க்கில். நல்ல டிஸ்க்குகளைக் கண்காணிப்பு எழுத்துகள் பிடித்துக்கொண்டுவிட்டன. தினமும் கோர்ட்டுத் திறந்தவுடன் ஓர்வில் அதைத் திறக்க, அந்த டிஸ்க் முக்கி முனகி எடுத்துக் கொடுக்கும். அப்போது சுவரில் தாமதக் கோடு மலை மாதிரி எழும்பி இறங்கும், புள்ளி ஒரு நிமிஷம் சிவக்கும். சரியாக ஊழியர்கள் சுவர் முன்னால் நின்று "பச்சை" சொல்கிற நேரம். நடுவில் ஒரு புள்ளி சிவந்து நின்றால் ப்ராம்வெல் என்ன சொல்வார்? காப்பி ஆறும்.

இதற்கு 'காலை மலை' என்று பெயர் வைத்தார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். குழு பல கூட்டம் நடத்தி, மலைக்குக் காரணம் ஒரு கிழவன் என்று கண்டுபிடித்து, அவனை அழைத்தது.

அழைப்பு வந்ததும், மேவிஸின் சேவைக்கு ஏதோ மரியாதை செய்யப் போகிறார்கள் என்று ஓர்வில் நினைத்துவிட்டான். முகம் மழித்து, சவ அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, டைரக்டருக்கு என்று புகை போட்ட மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

ப்ராம்வெல் ஸ்கிரீனில் மலையைக் காட்டினார். "மிஸ்டர் ஹெக்லண்ட், உங்கள் இழப்புக்கு என் அனுதாபம். இந்தக் கோட்டைப் பாருங்கள். இந்தத் துறை பதினோரு மாதம் பாடுபட்டுத் தட்டையாக்கிய கோடு. ஒவ்வொரு காலையும் உங்கள் மனைவி இதை உடைக்கிறார்."

"மன்னிச்சுக்குங்க" என்றான் ஓர்வில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், வேகமான டிஸ்க்குக்கு மாத்திட்டாப் போச்சு. அவ்வளவுதானே?"

"அங்கே இடமில்லை. கண்காணிப்புப் பதிவுகள் இருக்கின்றன."

"அதை அழிங்களேன்."

"முடியாது. அவை குளிர்வதே இல்லை. ஒவ்வொரு விநாடியும் திறக்கப்படுகின்றன."

"யாரு திறக்கறாங்க?"

"முதல் கண்காணிப்பானுடையதை இரண்டாவது திறக்கிறது."

"ரெண்டாவதோடதை?"

"முதலாவது." அவர் பெருமையாகவே சொன்னார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க சுண்டைக்காயையே தூக்கிப் போட்டுட்டுக் கூலியை மட்டும் சுமக்கறீங்களே" என்றேன்.

ப்ராம்வெல்லுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மதிப்பாவது வந்திருக்கும். கையைக் கோத்துக்கொண்டு, நிதானமாக, நம் மேல் உள்ள அன்பினால் சொல்வதைப் போல் சொன்னார். "ஜனங்கள் இங்கே எதை வைத்திருக்கிறோம் என்று கேட்கிறார்கள். அது பழைய கேள்வி. எதை வேண்டுமானாலும் யாரும் வைத்திருக்கலாம். அது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு விநாடியும் தெரிந்து வைத்திருக்கிறோமே, அதுதான் நாகரிகம். போன வருஷம் எங்களுக்குத் தெரியாதது எவ்வளவோ இருந்தது. இன்று தெரியாதது ஒன்றும் இல்லை."

"வைக்கறதுக்கும் ஒண்ணும் இல்லாமப் போகும்" என்றேன். அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். மேவிஸின் குரலுக்குச் 'சிறப்புக் கண்காணிப்பு' கொடுப்பது. அந்த ஒரு ஃபைலுக்கென்றே தனிக் கண்காணிப்பான், சுவரின் வலது ஓரத்தில் தனிப் புள்ளி. அதற்குப் பதிலாக ஓர்வில் தினமும் வந்து திறக்கக் கூடாது. மேவிஸின் நினைவு நாளன்று மட்டும், மாலையில், வரலாம்.

"அப்போ குளிர்ந்து போயிடாதா?" என்று கேட்டான் ஓர்வில்.

"இருபத்திநாலு மணி நேரமும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறோம், மிஸ்டர் ஹெக்லண்ட். ஒரு விநாடிகூடக் கண்ணை எடுக்க மாட்டோம்."

ஓர்வில் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். மீனையும் கொடுத்தான். வண்டியில் வரும்போது, "நல்ல மனுஷன்டா. எப்பவும் யாரோ ஒருத்தர் அவளைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நான் ஆஸ்பத்திரியிலகூட அப்படி இருக்கலை, நடுவுல தூங்கிட்டேன்" என்றான்.

அவன் வராததால் கேட்கும் அறைக்கு ஆளே இல்லை என்று அதை மூடினார்கள். இவோனைக் கண்காணிப்புத் துறைக்கு மாற்றி, மூன்றாம் மாடியில் ஒரு ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் பின்னல் ஊசியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலம் ஓர்வில் கொஞ்சம் தேறினான். என் கடையில் வந்து உட்கார்ந்து, புழு டப்பாக்களுக்கு மூடி போட்டுக் கொடுப்பான். நினைவு நாளுக்கு அந்த மிச்சத்தைக் கேட்டுவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான்.

"கேளு. இன்னும் எத்தனை வருஷம் நமக்கு?" என்றேன்.

"ஆமா. இந்தத் தடவை கேட்டுடறேன்." அப்புறம் ஒரு வாரம் அதே பேச்சு. அவள் திட்டியிருப்பாள் என்று ஒரு நாள் சொல்வான். அழுதிருப்பாளோ என்று ஒரு நாள். விதிப்படி 'அழைத்ததற்கு நன்றி, சார்' என்று சொல்லி வைத்திருப்பாள் என்று நான் சொன்னபோது, மேவிஸ் போனதற்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

நினைவு நாளன்று போனோம். முன்கூடத்தில் கூட்டம். நீளமான கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளையும் காலை மலையையும் கணக்கில் சேர்க்காமல், ஒரு வருஷம் முழுக்கப் பச்சை. கமிஷனர்கள்கூட வந்திருந்தார்கள். ப்ராம்வெல் ஓர்வில்லைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையில் ஒரு காகிதத் தட்டைக் கொடுத்தார். பச்சைக் கேக்.

"கேக்க வந்தேன்" என்றான் ஓர்வில்.

ப்ராம்வெல் இவோனைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"போயிடுச்சு, ஓர்வில். முப்பது நாள் யாரும் திறக்கலை."

"பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

"பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்" என்றார் ப்ராம்வெல். "பார்ப்பது வேறு, திறப்பது வேறு. பார்ப்பதற்காகத் திறந்தால் அது கண்காணிப்பின் நேர்மையைப் பாதிக்கும். அழிகிற விநாடிகூடத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்."

அவர் காட்டினார். அவ்வளவு ஆசையாகக் காட்டினார். அந்த ஃபைல் பிறந்த நாளிலிருந்து எல்லாம் ஒரே படமாக ஸ்கிரீனில் இருந்தது. ஓர்வில் வந்து கேட்ட ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், நின்றிருந்தன.

"பாருங்கள், எத்தனை ஒழுங்கான பயனாளர்" என்று கமிஷனர்களிடம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கோடு மட்டும் விளிம்புவரைக்கும் போயிருந்தது. ஓர்வில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைத் தொட்டான்.

"இது யாரு? இது கடைசி வரைக்கும் போயிருக்கே. யாரு கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை. அழிப்பதற்கு முன்னால் முழுசாக இருக்கிறதா என்று அமைப்பு ஒரு தடவை தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்துப் பார்க்கும். அரைகுறையாக அழிந்துவிடக் கூடாதே." ப்ராம்வெல் குனிந்து அடியில் இருந்த எழுத்தைப் படித்தார். "வேகம் மிக நன்று. காலை மலை எழவே இல்லை."

ஓர்வில் தலையாட்டினான். தட்டில் இருந்த கேக்கை ஒரு வாய் எடுத்துத் தின்றான். ஊரான் கொடுத்ததைத் தின்னாமல் வைத்தால் மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவன். எனக்கு அங்கே யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது? எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

வண்டியில் ஏரியைத் தாண்டும்போது, "மிச்சம் வச்சிருந்தேன்டா, லாய்ட்" என்றான்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஃபைல் போனாலும் அதற்குக் கொடுத்த சிறப்புக் கண்காணிப்பு போகவில்லை. அதை நிறுத்தக் கமிஷனர்கள் தீர்மானம் போட வேண்டும், போடவில்லை. ஆகவே அந்தக் கண்காணிப்பான் இன்னும் ஒவ்வொரு விநாடியும் மேவிஸின் ஃபைலைப் போய்ப் பார்க்கிறது. இல்லாத ஃபைலுக்கு இடம் வேண்டாம், எடுத்துக் கொடுக்க நேரமும் வேண்டாம். அதனால் சுவரின் வலது ஓரத்தில் அந்தப் புள்ளி எப்போதும் பச்சை. நார்ட்பி கவுண்ட்டியிலேயே மிகச் சிறப்பாக இயங்குவது அதுதான் என்று ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள்.

ஓர்வில் மறுபடியும் தினமும் வருகிறான். ஊழியர்கள் வரிசையாக நிற்கும்போது கடைசியில், வலது ஓரத்தில், குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். சிவப்புக் குல்லா. அவனுக்குச் சுவர் மேல் பக்தி என்று நினைத்து, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிறந்த குடிமகன் என்று கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றையும் கொடுத்தார்கள். ப்ராம்வெல் கடைசிப் புள்ளிக்கு வந்து "பச்சை" என்று சொல்லும்போது, ஓர்வில்லின் உதடு அசையும். அவன் சொல்வது பச்சை இல்லை, தன் பெயர். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

போன வாரம் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் காப்பிக்குக் கலைந்த பிறகும் அவன் அசையவில்லை. நான் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன்.

"அங்க ஒண்ணும் இல்லடா. வா, வீட்டுக்குப் போலாம்."

"தெரியும்" என்றான், புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ என்னை லைன்லயே இருக்கச் சொன்னாடா. போனை வச்சிரலாம்னு இன்னும் சொல்லலையே."

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.